'அப்பால்' என்னும் சொல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'அப்பால்', 'தொலைவில்' இரண்டும் ஒரே பொருள் தருபவையா?

பதில்: இல்லை. 'தொலைவில்' என்பது இடைவெளி மிகுதியாக இருப்பதைச் சொல்கிறது. 'அப்பால்' ஓர் எல்லையின் மறுபக்கத்தைச் சொல்கிறது. 'அ' என்னும் சேய்மைச் சுட்டும், பக்கம் என்று பொருள்படும் 'பால்' என்பதும் சேர்ந்து அமைந்த சொல் இது. ஆகவே சுவருக்கு அப்பால் நிற்பவர் நமக்குக் கையெட்டும் நெருக்கத்திலும் இருக்கலாம். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது (காரணம்) என நான்கு பொருள்களை வகுத்து, ஒப்பையும் எல்லையையும் ஒரே வேற்றுமையின்கீழ் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 'ஆற்றின் கிழக்கு' என்னும்போது ஆறு எல்லையாக நிற்பதுபோலவே, ஒப்பீட்டிலும் ஒரு பொருள் அளவுகோலாக நிற்கிறது. இன்று ஒப்புக்கு 'விட', 'காட்டிலும்' என்பவற்றையும், எல்லைக்கு 'கு' உருபேற்ற பெயரோடு 'அப்பால்' என்பதையும் பயன்படுத்துகிறோம். எழுதும் முன் 'எதற்கு அப்பால்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'மிக அப்பால்' என்று எழுதலாமா?

பதில்: தவிர்ப்பது நன்று. 'வெகு தொலைவில்' என்றோ, எல்லையை நகர்த்தி 'அதற்கும் அப்பால்' என்றோ எழுதுங்கள்.

கேள்வி: 'பள்ளி இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது' என்றால், சரியாக இரண்டு கிலோமீட்டரிலா, அதைத் தாண்டியா?

பதில்: சொல்லின்படி தாண்டித்தான். தொலைவை மட்டும் சொல்ல 'இரண்டு கிலோமீட்டர் தொலைவில்' என்று எழுதுங்கள்.

மற்றொருவர்: இதை ஏற்க இயலாது. செய்திகளில் அவ்வாறு எழுதும்போது எல்லோரும் 'இரண்டு கிலோமீட்டர் தொலைவு' என்றே புரிந்துகொள்கிறார்கள். வழக்கே இலக்கணத்தை ஆக்குகிறது அல்லவா?

பதில்: வழக்கின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் '100 மீட்டருக்கு அப்பால் நிற்கவும்' என்னும் அறிவிப்பைப் படிப்பவர், அதே சொற்றொடரை '100 மீட்டருக்குள் வரக்கூடாது' என்று எடுத்துக்கொள்கிறார். 150 மீட்டரில் நின்றாலும் ஆணையை மீறவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஒரே அமைப்பு ஓரிடத்தில் அளவாகவும் ஓரிடத்தில் எல்லையாகவும் படிக்கப்படும்போது, பிழையின் விளைவைச் சுமப்பவர் வாசகர்.

அதே நபர்: சூழலே பொருளைத் தெளிவாக்கிவிடாதா?

பதில்: பேச்சில் தெளிவாக்கும். ஒப்பந்தத்திலும் விதிமுறையிலும் சூழலை நம்பி எழுதக்கூடாது. அங்கே 'எதற்கு அப்பால்' என்பது ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும்.

கேள்வி: 'அப்பால்' என்றால் தூரம்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் மூவர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அதுவே விடை.

கேள்வி: 'அப்புறம்' என்பதும் இதே வகைச் சொல்லா?

பதில்: அமைப்பால் ஆம், 'புறம்' என்பதும் பக்கமே. ஆனால் அது இன்று பெரும்பாலும் 'பிறகு' என்று காலத்தைக் குறிக்கிறது. சென்னைப் பேச்சில் 'அப்பால வரேன்' என்பதும் அவ்வாறே இடத்திலிருந்து காலத்துக்கு நகர்ந்தது.

கேள்வி: 'அப்பாற்பட்ட' என்பதில் றகரம் எங்கிருந்து வந்தது?

பதில்: வல்லினம் வரும்போது லகரம் றகரமாகத் திரிந்தது. விரிவுக்குப் புணர்ச்சி விதிகளைப் பாருங்கள்.