ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் கிரவுனை வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: கொல்லிமலையில் மிளகு, காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்கப் வண்டி, பின்சக்கர இழுவை மட்டும். பெரும்பாலும் சேந்தமங்கலம், நாமக்கல் பக்கம் தார் ரோட்டில்தான் ஓடுகிறது. மாதத்தில் சில தடவை தோட்டத்து மண்பாதையில் ஏற வேண்டியிருக்கும். மழை பெய்துவிட்டால் ஒரு பின்சக்கரம் வெறுமனே சுற்றுகிறது, மறுபக்கம் அசைவதே இல்லை. பின் ஆக்சில் நடுவே இருக்கும் பல்சக்கரமான கிரவுனுக்குள் வெல்டிங் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும் என்கிறார்கள் பட்டறையில். செய்யலாமா? 60 கி.மீ. வேகம் தாண்டினால் பின்னாலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தமும் வருகிறது.

பதில்: வெல்டிங் வேண்டாம். வயலிலேயே உழன்று, ரோட்டுக்கே வராத வண்டி என்றால் வேறு பேச்சு. நீங்கள் ஏறி இறங்குவது 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை.

வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 1.4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுசாகத் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 4.4 மீட்டர் கூடுதலாக ஓடும். 70 வளைவுக்கும் கணக்குப் போட்டால் ஒரு தடவை இறங்கவே 300 மீட்டர் வருகிறது. இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் கிரவுனுக்குள் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. வெல்டிங் வைத்துவிட்டால் அந்த 300 மீட்டரும் டயர் தார் ரோட்டில் தேய்ந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் முறுக்கிக்கொள்ள வேண்டும். டயர் போவது செலவோடு போய்விடும். ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகப் பார்க்குமே, மழைநாளில் பள்ளத்தாக்கை ஒட்டிய வளைவில் அதுதான் ஆளையே சாய்த்துவிடும்.

ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். சுற்றுகிற சக்கரத்துக்கே மொத்த இழுவையும் போய்விடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். பிடிப்பு இல்லாத சக்கரம்தான் இரண்டுக்கும் அளவு வைக்கிறது.

அப்படியானால் கல், பலகை, தென்னமட்டை எதுவாக இருந்தாலும் சுற்றுகிற சக்கரத்துக்கு முன்னால்தான் போட வேண்டும். அசையாமல் நிற்கிற சக்கரம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அதற்குக் கீழே தோண்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அதற்கு ஏற்கெனவே பிடிப்பு இருக்கிறது, அங்கே எதுவும் தேவையில்லை. சுற்றுகிற பக்கத்துக்குக் கொஞ்சம் பிடிப்பு கொடுங்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து தள்ளும்.

ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதி என்று ஒரு யோசனை சொல்வார்கள். உங்கள் மாதிரி சாதாரண டிஃபரன்ஷியலில் அதில் பலன் இல்லை. ஹேண்ட்பிரேக் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிக்கிறது. நல்ல பக்கத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் விசையை அந்தப் பக்கத்து பிரேக்கே தின்றுவிடும். டிராக்டரில் வலது, இடது பிரேக் பெடல் தனித்தனியாக இருப்பதால், சுற்றுகிற பக்கத்தை மட்டும் மிதித்தால் மறுபக்கம் இழுக்கும். புதிய கார்களில் கம்ப்யூட்டர் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிப்பதும் இதே வேலைதான். உங்கள் வண்டியில் அந்த வசதி கிடையாது.

சேற்றில் சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். இதை நான் கெஞ்சியே சொல்வேன். ஒரு பக்கம் நின்றுவிட்டால் மறுபக்கம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டரில் 30 காட்டினால் அந்தச் சக்கரம் 60-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்கள் சாதாரணமாக வளைவில் மட்டும் மெல்லத் திரும்புபவை. இப்போது அவை தங்களைத் தாங்கும் அச்சுக்கம்பியைச் சுற்றி வெறிபிடித்ததுபோல் சுழலும், ஆயில் படலம் அறுந்து அந்தக் கம்பி தேய்ந்துபோகும். அந்த வேகத்தில் சக்கரம் சட்டென்று ஒரு பாறையைப் பிடித்தால் ஆக்சிலோ கிரவுன் பல்லோ உடையும். வழுக்குகிறது என்று தெரிந்ததுமே காலை எடுங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்து, வழியைச் சரிசெய்து, இரண்டாம் கியரில் சீராக ஏறுங்கள். பள்ளத்தைக் கோணலாகக் கடந்தால் ஒரு பின்சக்கரம் தூக்கிவிடும், நேராகவே இறக்கி ஏற்றுங்கள்.

காலி பிக்கப்புக்குப் பின்னால் கனமே இல்லை. மழைநாளில் நூறு, நூற்றைம்பது கிலோ மண் மூட்டையை ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்து, நகராமல் கட்டிவிடுங்கள். பாரத்துக்கு என்று ஏற்றிய காற்றோடு காலி வண்டியைச் சேற்றில் ஓட்டினால் டயர் கல்லாக நிற்கும். மண்பாதை தொடங்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றைக் குறையுங்கள், மெதுவாகப் போங்கள், பாரம் ஏற்றுவதற்கும் தார் ரோட்டுக்கு வருவதற்கும் முன்னால் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். அதற்கு ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும். டயர் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல்கட்டிகள்) தேய்ந்திருந்தால் முதல் செலவு அங்கேதான். பின்பக்கம் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் லாக்கர், அதாவது தேவைப்படும்போது மட்டும் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் சாதனம் பற்றி யோசிக்கலாம். 2020-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் சில மாடல்களில் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர் வருகிறது: இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் பூட்டிக்கொள்ளும், வேகத்தில் பூட்டாது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பட்டனை அழுத்திப் பூட்டும் வகை. உங்கள் ஹவுசிங்குக்கென்றே (கிரவுனை மூடியிருக்கும் இரும்புக் கூடு) செய்த லாக்கர் கிடைத்து, டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) பார்த்து மாட்டத் தெரிந்த ஆளும் கிடைத்தால் மட்டுமே இறங்குங்கள். மாதத்தில் சில தடவைக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து.

இப்போது ஆயில். கிரவுனுக்கும் அதைத் திருப்பும் சிறு பல்சக்கரமான பினியனுக்கும் ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான். 80டபிள்யூ-90-ஆ, 85டபிள்யூ-140-ஆ என்பதை வண்டியின் புத்தகம் சொல்லும். கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மிச்சம் இருக்கிறது என்று இதில் ஊற்றக் கூடாது. வடிப்பதற்கு முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. காந்த டிரெய்ன் பிளக்கில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சிம்பு வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

தண்ணீர் எப்படிப் போகும்? ஓடிச் சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு ரப்பர் குழாய் போட்டு பிரீதரைச் சரக்கு ஏற்றும் தொட்டியின் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். சேறு அடைத்த பிரீதர் இன்னொரு விதத்தில் ஆபத்து: உள்ளே அழுத்தம் ஏறி ஆக்சில் சீல் வழியே ஆயில் பிரேக் டிரம்முக்குள் கசியும். மலையடிவாரக் காரவள்ளிக்கு வரும் இறக்கத்தில் பின்பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபில்லர் துளையின் கீழ்விளிம்புக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இப்படிக் கசியக்கூடும்.

கடைசியாக அந்தச் சத்தம். வழவழப்பான ரோட்டிலிருந்து சொரசொரப்பான ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். ரோடு மாறியும் மாறாமல், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஏறி, விட்டால் இறங்கினால் கிரவுன் பினியனோ பினியன் பேரிங்கோதான். இரண்டும் இல்லாமல் வேகத்தோடு மட்டும் கூடினால் வீல் பேரிங். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில், வண்டிக்கடியில் ஜாயின்ட் சாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் தண்டு) கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். அதன் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஆடினால் முதலில் அதை மாற்றுங்கள். கிராஸ் ஆடாமல் பினியன் முனை மேலும் கீழும் அசைந்தால் பேரிங் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் கிரவுனையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், அதுவும் பினியனோடு ஜோடியாகத்தான், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. வெல்டிங்குக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.