செடி கொடி – கேள்வி பதில்: தரையோடு படரும் நீலப் புதர்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, மான்டெரே அருகே கடலோரச் சரிவொன்றில் இடுப்பளவுகூட எழாமல், ஜமுக்காளம் விரித்தாற்போல் நீலப் பூக்களுடன் படர்ந்திருந்த புதரைக் கண்டேன். அதன் பெயர் சியனோதஸ் என்றாள் மகள். எங்கள் வீட்டின் பின்புறச் சரிவில் மழை மண்ணை அரித்துச் செல்கிறது. அங்கே இதை வளர்க்கலாமா? விதை கொண்டுவரலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, தாங்கள் கண்டது அக்கடலோரத்துக்கே உரிய கார்மெல் படர்செடியாக இருக்கலாம். 2 முதல் 3 அடி உயரத்தில் நின்றுவிட்டு, பக்கவாட்டில் 8 முதல் 10 அடி வரை பரவும் இனம் அது. ‘கலிஃபோர்னிய லைலாக்’ என்று அழைத்தாலும் லைலாக்குக்கும் இதற்கும் உறவில்லை. இது நம் இலந்தையின் குடும்பம். நேட்டாலில் ஜூலு மக்கள் உம்லாஹ்லன்கோசி என்றழைக்கும் முள்மரமும் இலந்தை இனமே. அம்மரத்தின் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியிலிருந்தே மூன்று நரம்புகள் பிரிந்து ஓடும். கார்மெல் படர்செடியின் இலையிலும் அதே மூன்று நரம்புகளைக் காணலாம். பூக்கொத்தை ஈரக் கையில் வைத்துத் தேய்த்தால் பூந்திக்கொட்டையைப் போல நுரைக்கும்.

எல்லாப் படர் இனங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பாயின்ட் ரேயஸ் பகுதியின் குளோரியோசஸ் இனத்தில் இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்து, ஓரங்களில் முள்போன்ற பற்களுடன் இருப்பதால் மான்கள் அதை அதிகம் தீண்டுவதில்லை. மலைப்பகுதியின் புரோஸ்ட்ரேடஸ் சில அங்குல உயரமே உடையது. அதைத் தோட்டத்தில் பழக்குவது கடினம். வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தருவதால், சியனோதஸ் வறண்ட, சத்தற்ற சரிவிலும் நிலைகொள்கிறது.

இருப்பினும், டர்பனுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது குளிர்காலத்தில் மழையையும் கோடையில் முற்றிலும் உலர்ந்த மண்ணையும் பெற்றுப் பழகிய செடி. நமக்கோ அக்டோபர் முதல் மார்ச் வரை, வெயிலும் புழுக்கமும் மிகுந்த மாதங்களில்தான் மழை கொட்டுகிறது. சூடான ஈரமண்ணில் ஃபைட்டாஃப்தோரா என்ற வேரழுகல் இதை எளிதில் கொன்றுவிடும். விதையையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். இறக்குமதி அனுமதி இல்லாமல் அது சட்டப்படி குற்றம். நீல நிறந்தான் வேண்டுமென்றால், இந்நாட்டுக்கே உரிய பிளம்பாகோவைச் சரிவின் மேற்புறத்திலும், சதைப்பற்றுள்ள வேர்களால் மண்ணைப் பிடிக்கும் அகபாந்தஸை அதன் கீழேயும் நடுங்கள். பிளம்பாகோவை ஆண்டுதோறும் வெட்டி அடக்காவிட்டால் வேலியைத் தாண்டி அண்டை வீட்டுக்குப் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘யாங்கீ பாயின்ட்’ வகைச் சியனோதஸ் இரண்டு நட்டேன். நாள்தோறும் மாலையில் நீர் ஊற்றியும், ஜனவரியில் ஒன்று திடீரெனக் காய்ந்துவிட்டது. மற்றொன்று நடைபாதையை மறைக்கிறது, எவ்வளவு வெட்டலாம்?
– வாசகர், ரைலண்ட்ஸ், கேப் டவுன்

பதில்: ஐயா, ‘நீர் ஊற்றியும்’ அன்று, நீர் ஊற்றியதாலேயே அது காய்ந்திருக்க வேண்டும். தண்டின் அடிப்பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் அழுகல்தான். கேப் டவுனின் குளிர்கால மழையும் வறண்ட கோடையும் இச்செடிக்கு ஊர்க்காற்றுப் போன்றவை. வேரூன்றிய செடிக்குக் கோடையில் மாலைக் குளியல் தேவையில்லை.

மிஞ்சியிருக்கும் செடியைப் பூ முடிந்தவுடன், நவம்பர் வாக்கில், பச்சைக் கிளைநுனிகளில் மட்டும் கத்தரியுங்கள். இலையற்ற முதிர்ந்த கட்டையை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. நன்கு பேணினாலும் தோட்டத்தில் 10 முதல் 15 ஆண்டுகளே இதன் ஆயுள் என்பதால், மாற்றுச் செடியொன்றை இப்போதே எண்ணி வையுங்கள். அதை இறந்த செடியின் குழியில் வைக்காமல், சற்றுத் தள்ளி, மே மாத மழை தொடங்கும்போது, தண்டின் கழுத்து மண்மட்டத்துக்குச் சிறிது மேலே நிற்குமாறு நடுங்கள். முதல் கோடையில் மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் ஆழமாக நீர் விட்டால் போதும்.