எழுத்தாளருக்கு நினைவுச்சின்னம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குழு ஒரு எழுத்தாளருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப இருக்கிறது. நாவல்களும் கட்டுரைகளும் எழுதியவர். நிலமற்ற உழைப்பாளிகளுக்காகப் போராடிச் சிறை சென்றவர். ஒரு பூங்காவின் மூலையில் 12 மீட்டருக்கு 9 மீட்டர் இடம் கிடைத்திருக்கிறது. ஆறடிப் பீடம், அதன்மேல் ஒன்பதடி வெண்கலச் சிலை, ஒரு கையில் பேனா, மறுகையில் உயர்த்திய முஷ்டி என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மாற்றாக எதைச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது, எதிலெல்லாம் கவனம் வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாசகத்திலிருந்து தொடங்குங்கள். சிற்பியைத் தேடும் முன்பே, கல்லில் எந்த வரிகள் நிற்கப்போகின்றன என்பதை முடிவு செய்துவிடுங்கள். எழுதிப் போராடிய ஒருவரின் நினைவிடத்துக்கு வருகிறவர் வாசித்துவிட்டுப் போக வேண்டும். கல்லின் அளவு, உயரம், நிற்கும் திசை எல்லாவற்றையும் அந்த வரிகளே சொல்லிவிடும்.

கணக்கு இதுதான். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் சிரமமில்லாமல் வாசிக்க, எழுத்து 25 முதல் 30 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருவதால், வரிக்கு வரி எழுத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் விட்டால்தான் நெரிசல் இராது. வரிக்கு நான்கு சொல் வீதம் நாற்பது சொற்கள் என்றால் பத்து வரி, 60 செ.மீ. உயரம், ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். சுற்றிலும் விளிம்பு விட்டால் 1.3 மீட்டருக்கு 0.9 மீட்டர் முகப்பு தேவை. முதல் வரி தரையிலிருந்து 1.6 மீட்டருக்கு மேலேயும் கடைசி வரி 0.9 மீட்டருக்குக் கீழேயும் போகக் கூடாது. நாற்பது சொற்களைத் தாண்டினால் நின்று வாசிப்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

எந்த நாற்பது சொற்கள்? குழுக்கள் பொதுவாக மொழி, இயற்கை, அன்பு பற்றிய மென்மையான வரியை எடுத்துக்கொண்டு, அவர் சிறைக்குப் போன காரணத்தை விட்டுவிடுகின்றன. அது அவருக்குச் செய்யும் அநீதி. யாருக்காக, எதை எதிர்த்து, எந்த ஆண்டு என்பது கல்லில் இருந்தே ஆக வேண்டும். அடைமொழிகள் வேண்டாம், பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் போதும். மேற்கோளை நினைவிலிருந்தோ வாழ்த்து அட்டையிலிருந்தோ எடுக்காமல் முதல் பதிப்போடு ஒப்பிடுங்கள். வாக்கியத்தின் நடுவே வெட்டிச் சுருக்காதீர்கள். பதிப்புரிமை வைத்திருப்பவரின் எழுத்துப்பூர்வ அனுமதி கோப்பில் இருக்கட்டும். நன்கொடையாளர் பெயர்களுக்கு வேறொரு சிறு பலகை போதும்.

தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டுவதில் தனியான சிக்கல்கள் உண்டு. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பழைய ஃபாண்டில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோட் மட்டும் அறிந்த கணினியில் திறந்தால் எழுத்துகள் உருமாறும். ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழும். வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அப்படியே கல்லில் ஏறிவிடும். ஆகவே எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துருவை நம்பாத வெறும் வரைகோடுகளாக) மாற்றிய கோப்பையும், முழு அளவில் எடுத்த காகித அச்சையும் சேர்த்தே கொடுங்கள். ஸ்டென்சில் ஒட்டி மணலடித்து வெட்டும்போது, சுழிகளுக்குள் இருக்கும் சிறு துண்டுகள் காற்றழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு போகும். ‘ண’வின் சுழி குழியாகிவிடும். ‘ெ’யும் ‘ே’யும், ‘ி’யும் ‘ீ’யும் ஒரு சிறு சுழியால்தான் வேறுபடுகின்றன. கரடான மணிகள் உள்ள கல்லில் அந்தச் சுழி முதலில் பெயரும். நெருங்கிய மணிகள் கொண்ட கருங்கல்லைத் தேர்ந்து, மிக மெல்லிய கோடுகூட 3 மி.மீ.க்குக் குறையாத எழுத்துருவை எடுங்கள். புள்ளிகளைத் துளைப்பானால் ஒரே ஆழத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு புள்ளி பெயர்ந்தால் சொல்லே மாறிவிடும்.

எழுத்துக்குள் வண்ணம் பூசுவதை நான் ஏற்பதில்லை. சில ஆண்டுகளில் அங்கங்கே உரிந்து, வெறும் கல்லைவிட வாசிக்கக் கடினமாகும். மெருகேற்றிய கருங்கல்லில் வெட்டிய இடம் தானாகவே வெளிறித் தெரியும். பளிங்கு வேண்டாம்; மழைநீரின் அமிலம் அதன் மேற்பரப்பைக் கரைக்கும், எழுத்தின் விளிம்புகள் மழுங்கும். ஆப்பு வடிவில் வெட்டிய எழுத்து நிழலால்தான் தெரிகிறது. வெயில் பக்கவாட்டில் உரசிப் போகும்படி கல்லை நிறுத்துங்கள். இரவு விளக்கும் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ சாய்வாக விழட்டும்; நேரெதிரே வைத்தால் நிழல் அழியும், மெருகுக் கல் கண்ணைக் கூசும்.

இனி சிலை. ஆறடிப் பீடத்தில் ஒன்பதடி என்றால் முகம் தரையிலிருந்து நான்கு மீட்டருக்கு மேலே போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். உருவம் வேண்டுமென்றால் ஆளுயரத்தைவிடச் சற்றுக் கூட்டி, 1.2 மடங்கில், 30 செ.மீ. மேடையில் நிறுத்துங்கள். வெட்டவெளியில் சரியான ஆளுயரம் சிறுத்துத் தெரியும், அதற்காகத்தான் இந்தக் கூடுதல். நீட்டிய பேனாவைத் தவிருங்கள். லண்டனில் 1998இல் வைத்த எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு சிற்பத்தின் சிகரெட்டைத் திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டு போனார்கள். பிரேசிலில் ரியோவின் கோபகபானா கடற்கரையில் அமர்ந்திருக்கும் கவிஞர் டிரம்மண்டின் மூக்குக்கண்ணாடி பலமுறை திருடுபோயிருக்கிறது. கை எட்டும் உயரத்தில் மெலிதாக நீண்டிருக்கும் எதுவும் நிலைக்காது.

உருவமே இல்லாமலும் செய்யலாம். சிகாகோவில் இதழாளரும் போராளியுமான ஐடா பி. வெல்ஸுக்கு ரிச்சர்ட் ஹன்ட் செய்த சின்னம் 2021இல் திறக்கப்பட்டது: மூன்று தூண்கள்மேல் சுழன்றெழும் வெண்கலம். அவரது சொற்கள் அடியில் இருப்பதால், யாருக்கான சின்னம் என்ற குழப்பம் வருவதில்லை. 2020இல் லண்டனில் பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்காக மேகி ஹாம்ப்ளிங் செய்த சிறு நிர்வாண உருவம் வேறுவிதமாகப் போயிற்று. அது அவருடைய உருவம் அல்ல, அவருக்கான சிற்பம் என்று சிற்பி விளக்கியும் பலர் மனம் புண்பட்டார்கள். விளக்கினால்தான் புரியும் ஒன்றைப் பொதுவெளியில் வைக்கும்போது, அதற்கு முன்னால் நீண்ட உரையாடல் நடந்திருக்க வேண்டும்.

உங்கள் 108 சதுர மீட்டரில் கல்லை நடுவே வைக்காதீர்கள். பின்விளிம்புக்குத் தள்ளினால் முன்னால் 60 சதுர மீட்டராவது காலியாகக் கிடைக்கும். அறுபது பேர் தரையில் உட்கார்ந்து கூட்டம் நடத்தலாம். போராளி ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தோன்றவில்லை. கல்லின் பக்கத்தில் பேசுபவருக்கு 15 செ.மீ. உயர மேடை, ஓரத்தில் 45 செ.மீ. உயரத் திண்ணை. மேடைக்குச் சக்கர நாற்காலி ஏற 1:12 (உயரத்தைப்போல் 12 மடங்கு நீளமான) சாய்தளம், திரும்ப 1.5 மீட்டர் வட்டம். தரை 1:80 சரிவில் நீரை வெளியே விடட்டும். கல்லின் அடியில் தேங்கும் நீர் உப்பையும் பாசியையும் எழுத்துவரை ஏற்றும். பிரெயில் பலகையை நிழலில் வையுங்கள். உச்சிவெயிலில் உலோகத்தைத் தொட்டு வாசிக்க முடியாது.

1.5 × 1.2 × 0.3 மீட்டர் கருங்கல் ஏறக்குறைய ஒன்றரை டன். கிரேன் வர வழி உண்டா, தோண்டும் இடத்தில் குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். கல்லைக் கான்கிரீட்டில் பிணைக்கும் கம்பிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடலருகே என்றால் உப்பைத் தாங்கும் 316 ரகம். சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கும். வெண்கல வார்ப்பின் சுவர் 5 மி.மீ. அளவில் இருந்தால் போதும். தாழ்ந்த இடத்தில் நீர் வடியத் துளை அவசியம், உள்ளே இரும்புச் சட்டம் கூடாது. திறந்த பிறகு வெண்கலத்தை ஆண்டுக்கு இருமுறை கழுவி மெழுகு பூச வேண்டும். அமிலம் தொட்டுத் தேய்க்கக் கூடாது. இதை யார் செய்வது, பணம் எங்கிருந்து வரும் என்பதை அடிக்கல்லுக்கு முன்பே எழுதி வையுங்கள்.

குழுவை வாதத்தால் மாற்ற முயல வேண்டாம். மரச்சட்டமும் துணியும் கொண்டு, அவர்கள் கேட்கும் சிலை, வாசகக் கல் ஆகிய இரண்டு வடிவங்களையும் முழு அளவில் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். காலையும் மாலையும் 3, 10, 30 மீட்டர் தொலைவிலிருந்து எல்லோரும் பார்க்கட்டும். வாசகத்தின் முழு அளவு அச்சையும் அங்கே ஒட்டி, அந்த எழுத்தாளரைப் படித்தே இராத ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு கல்லுக்கு முன்பணம் கொடுங்கள்.