டார்ச் டெஸ்ட்டில் ஹெர்பிஸ் பாசிட்டிவ்: கணவரைச் சந்தேகிக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் கர்ப்பம் 9-வது வாரத்தில் கலைந்துவிட்டது. அதன் பிறகு டார்ச் டெஸ்ட் (கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொன்னார்கள். அதில் ஹெர்பிஸ் 1+2 ஐஜிஜி 6.4, ஐஜிஎம் 1.15, இரண்டுமே பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எனக்கோ கணவருக்கோ பிறப்புறுப்பில் புண், கொப்புளம் எதுவும் வந்ததில்லை. இணையத்தில் தேடினால் பாலியல் நோய் என்று போட்டிருக்கிறது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. இது எப்படி வந்தது? கரு கலைந்ததற்கு இதுதான் காரணமா? அடுத்த குழந்தைக்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் கணவரோடு பேசுங்கள். இந்த ரிப்போர்ட்டை வைத்து அவரைச் சந்தேகிக்கவும் வழியில்லை, உங்களைச் சந்தேகிக்கவும் வழியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றி வருவது. காய்ச்சல் அடித்து ஓய்ந்ததும் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருமே, அதுதான். சூட்டுக் கொப்புளம், பூச்சி கடித்துவிட்டது என்று நாமாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுவோம். குழந்தையாக இருக்கும்போது யாரோ ஆசையாகக் கொஞ்சி முத்தம் கொடுத்ததில் வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இந்த முதல் வகை இருக்கிறது. இரண்டாவது வகைதான் முக்கியமாக உடலுறவில் பரவுகிறது. அதுவும் அப்படியொன்றும் அபூர்வமில்லை: 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம். இரண்டு வகையிலுமே பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தெரிவதில்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் ‘1+2’ என்று இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரே டெஸ்ட். ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் இரண்டு வகை எதிர்ப்பொருள்கள். இரண்டில் ஏதோ ஒன்று எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது, அதற்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது என்பதற்கு மேல் ஐஜிஜி எதையும் சொல்லாது. எந்த வகை, எந்த வயதில், வாயிலா கீழேயா, யாரிடமிருந்து என்ற கேள்வி எதற்கும் அதில் பதில் கிடையாது. 6.4 என்ற எண்ணைப் பார்த்து நோய் ஆறு மடங்கு தீவிரம் என்று பயப்படவும் வேண்டாம். அது லேப் வைத்திருக்கும் வரம்போடு ஒப்பிட்ட அளவு, அவ்வளவுதான்.

அடுத்தது ஐஜிஎம். இதுதான் நிறைய வீடுகளில் சண்டை மூட்டுகிறது. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிதாக வந்த தொற்று என்று பாடப் புத்தகத்தில் படிப்போம். ஹெர்பிஸில் அந்தக் கணக்கு சரிவராது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் ஐஜிஎம் வரும். தொற்றே இல்லாமல் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பார்க்கவே வேண்டாம் என்கிறது. உங்களுடைய 1.15 வரம்பை ஒட்டி நிற்கிற எண் வேறு. அந்த வரியை நீங்கள் மறந்துவிடலாம்.

எந்த வகை என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால், வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி டெஸ்ட் இருக்கிறது. ஆனால் அதிலும் இரண்டாம் வகைக்கு 1.1 முதல் 3 வரை வந்தால் நம்பக்கூடாது. அந்த அளவில் பொய்யான பாசிட்டிவ் அதிகம், வேறொரு முறையில் உறுதி செய்ய வேண்டும். 2023-ல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறைத் துறையே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு, கர்ப்பிணிகள் உட்பட, ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பதுதான் அங்குள்ள நிபுணர் குழுவின் பரிந்துரையும். என்னைக் கேட்டால், உங்களுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை வேண்டாம். எப்போதாவது கொப்புளமோ புண்ணோ வந்தால், காய்ந்து போவதற்குள் டாக்டரிடம் காட்டி அந்த இடத்திலிருந்து ஸ்வாப் எடுத்து பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்யச் சொல்லுங்கள். அதில் வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று தெளிவாகத் தெரியும்.

சரி, கரு கலைந்தது ஏன்? உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் பழைய ஹெர்பிஸ் எதிர்ப்பொருளால் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் குறைபாடுதான் காரணம். நீங்கள் சாப்பிட்டதாலோ, பஸ்ஸில் போனதாலோ, கணவராலோ வருவதில்லை அது. தொடர்ந்து கரு கலைபவர்களுக்குக்கூட வழக்கமாக டார்ச் எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2011-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் ஒரு முறை கலைந்தாலே எழுதிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எழுதுகிறவர்கள் அதன் முடிவை உட்கார்ந்து விளக்கவாவது செய்யலாம்.

ஐஜிஜி நெகட்டிவ் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதை இறக்குவதற்கென்று அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள், அந்த மாத்திரை எதிர்ப்பொருளைக் குறைக்காது. உண்மையில் இந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய் ஓரளவு பாதுகாப்புக் கொடுக்கிறது. ஹெர்பிஸில் நாங்கள் பயப்படுவது, பிரசவம் நெருங்கும் வாரங்களில் பிறப்புறுப்பில் முதன்முறையாக வரும் தொற்றுக்குத்தான். அப்போது குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பழைய தொற்று உள்ளவர்களுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்தின்போது கீழே எரிச்சலோ புண்ணோ வந்தால் மட்டும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். கடைசி மாதத்தில் மாத்திரை கொடுக்கலாம், வலி வரும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்யலாம். அப்புறம், குழந்தை பிறந்ததும் உதட்டில் கொப்புளத்தோடு வருபவர் யாராக இருந்தாலும், பாட்டியே ஆனாலும், முத்தம் கொடுக்க விடாதீர்கள்.

உங்கள் உடலும் மனமும் தயார் என்றால், ஒரு மாதவிடாய் வந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயற்சி செய்யலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: அதே டார்ச் ரிப்போர்ட்டில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஐஜிஜி என்று ஒரு வரி இருக்கும். அது பாசிட்டிவ் என்றால் நல்லது, அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். நெகட்டிவ் என்றால் எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து முயற்சி செய்யுங்கள்.