ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தையும் இணையத்தையும் வைத்து வீட்டில் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: மகன் ஒன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான். எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் கூட்டிப் படிக்கச் சொன்னால் திணறுகிறான். கோடை விடுமுறையில் கதைப் புத்தகங்களையும் இணையத்தில் கிடைப்பவற்றையும் வைத்து வீட்டிலேயே என்ன செய்யலாம்? போனைக் கையில் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. ஆங்கிலத்தையும் இப்போதே சேர்த்துத் தொடங்கலாமா?

பதில்:

என் மகளும் இரண்டாம் வகுப்புக்குப் போகும் முன் இப்படித்தான் இருந்தாள். 'ம', 'ர', 'ம்' என்று தனித்தனியாகச் சரியாகச் சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் என் முகத்தைப் பார்ப்பாள். நாங்கள் திண்டுக்கல்லில் இருக்கிறோம். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி. இருவரையும் வைத்துக்கொண்டு வீட்டில் செய்தவற்றில் பலன் தந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போனைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: போன் என் கையில், தாள் பிள்ளை கையில். இணையத்தில் தேடுவது, தேர்ந்தெடுப்பது, இறக்கிவைப்பது எல்லாம் பெரியவர்கள் வேலை. பிள்ளைக்கு அது அச்சடித்த புத்தகமாகவோ காதில் கேட்கும் கதையாகவோ போய்ச் சேர வேண்டும். கீழே சொல்வதில் கிட்டத்தட்ட எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

முதலில், எழுத்து தெரிந்தும் ஏன் படிக்க வரவில்லை என்று பார்ப்போம். 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலிக்கிறது. பள்ளியில் 'க' என்று அழுத்தமாகப் படித்த பிள்ளை, 'ப... க... ல்' என்று அதே அழுத்தத்தோடு கூட்டும்போது அவன் காதில் தெரிந்த சொல் எதுவும் விழுவதில்லை. அதே சொல்லைக் கதையில் நாலைந்து தடவை கேட்டிருந்தால் பாதியிலேயே பிடித்துக்கொள்வான். அடுத்தது கொம்பு. 'கொக்கு' என்று எழுதியிருப்பதில் கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாய் முதலில் தொடங்க வேண்டியதோ 'க்'. பின்னால் ஒரு துணைக்கால் வேறு. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகிற பிள்ளை இங்கே நிற்பது இயல்புதான். மூன்றாவது, புத்தகத் தமிழ். வீட்டில் 'வந்துட்டான்' என்று பேசிப் பழகியவனுக்குப் புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று இருக்கிறது. நமக்கு அது ஒன்றேதான். அவனுக்கு அது புதுச் சொல்.

ஆகவே படிக்க வைப்பதற்கு முன் கேட்க வைக்க வேண்டும். அதுவும் புத்தகத் தமிழை, நிறைய. இதில் அவசரப்பட்டால் மற்ற எதுவும் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கதைகளுக்கு நான் அதிகம் போவது ஸ்டோரிவீவர் தளத்துக்கு. பெங்களூருவில் உள்ள பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமில்லாத பதிப்பகம் 2015-ல் தொடங்கியது. தமிழிலும் கதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்த நிலைக்கானது என்று குறித்திருப்பார்கள். உங்கள் மகனுக்கு நிலை 1 போதும். ஒரு பக்கத்துக்கு ஓரிரண்டு வரிதான் இருக்கும். இலவசமாக இறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், நம் விருப்பத்துக்கு மாற்றியும் எழுதலாம். அந்த உரிமத்தோடுதான் வெளியிடுகிறார்கள். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த கதைகளும் அங்கே உண்டு என்பதால் நடை எல்லாவற்றிலும் ஒரே சீராக இருக்காது. பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

இறக்கிய கோப்பை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ஒரு தாளில் இரண்டு பக்கம் வருகிற மாதிரி கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தரச் சொல்வேன். கலர் பிரின்ட் வேண்டாம். செலவு குறைகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வண்ணம் தீட்டுகிற வேலை பிள்ளைக்குக் கிடைக்கிறது. யானைக்குப் பச்சை அடித்தாலும் விட்டுவிடுங்கள். தானே தீட்டிய பக்கத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பான்; பார்க்கும்போதெல்லாம் கீழே உள்ள வரியும் கண்ணில் படும்.

அச்சுப் புத்தகமாக வாங்குவதென்றால் நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசை விலை குறைவு. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் படப் புத்தகங்கள் போடுகிறது. அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளையின் படிக்கும் திறனுக்கு ஏற்ப 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

சரி, புத்தகம் கைக்கு வந்துவிட்டது. எப்படிப் படிப்பது? நாம் மளமளவென்று வாசித்துக்கொண்டே போக, பிள்ளை சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பலன்தான். குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படப் புத்தகம் வாசிக்கும்போது பிள்ளையைப் பேச வைத்து, அவன் சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லும்படி பெற்றோரைப் பழக்கினார்கள். ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னால் போயிருந்தது. எங்கள் வீட்டில் அது இப்படி நடக்கும். தம்பி படத்தில் விரலை வைத்து "நாய்" என்பான். "ஆமா, நனைஞ்ச நாய். எதுக்குடா நனைஞ்சுச்சு?" என்பேன். "மழ." "ஆமா, மழையில நனைஞ்சு நடுங்குது பாரு. எங்க, நீ சொல்லு." "மழைல நனைஞ்சு நடுங்குது." ஒரு சொல்லில் இருந்தவன் மூன்று சொல்லுக்கு வந்துவிட்டான். அடுத்த பக்கம்.

மூத்தவளுக்கு முதல் நாள் கதையை நான் வாசிப்பேன், விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே. மறுநாள் அதே கதைதான். ஒவ்வொரு பக்கமும் திரும்ப வருகிற வரி ஒன்று இருந்தால் அதை அவள் சொல்வாள். அதற்கப்புறம் நான் வேண்டுமென்றே ஒரு சொல்லின் முன் நிறுத்திவிடுவேன். அவள் பார்த்துச் சொல்வாள். மனப்பாடமாகச் சொல்கிறானே, படிக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். மனப்பாடமான வரியில் கண்ணும் விரலும் சேர்ந்து ஓடும்போதுதான் 'கொ' என்ற வடிவம் முழுசாகப் பதிகிறது.

அப்புறம் அதே கதையின் இன்னொரு பிரதியைக் கத்தரிக்கோலால் வரிவரியாக வெட்டிப் பாயில் பரப்பிவிடுவோம். கதைப்படி வரிசையாக அடுக்க வேண்டும். அது பழகியதும் ஒரு வரியை மட்டும் எடுத்துச் சொல் சொல்லாக வெட்டுவது. 'பூனை', 'பாலை', 'குடித்தது' மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, பால் பூனையைக் குடித்தது என்று சொல்லி இரண்டு பேரும் உருண்டு சிரிப்பார்கள். 'பால்', 'பூனையை' என்று எழுதி இரண்டு துண்டு சேர்த்துக் கொடுத்தேன். இலக்கணப் பெயர் எதுவும் சொல்லவில்லை. அந்த 'ஐ' என்ன செய்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

கொம்புக்குத் தனியாக ஒரு விளையாட்டு. தினத்தந்தித் தலைப்புகள் பெரிய எழுத்தில் இருக்கும். சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, கொம்பையும் அதற்கு அடுத்த எழுத்தையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போடச் சொல்லுங்கள். துணைக்கால் இருந்தால் அதுவும் வட்டத்துக்குள் வர வேண்டும். வட்டத்துக்குள் இருப்பது ஒரே ஓசை. கொலை, விபத்துச் செய்திகள் உள்ள பக்கத்தை மட்டும் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

இவ்வளவிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிள்ளை சொல்லச் சொல்ல நாம் எழுதித் தைத்துக் கொடுக்கும் புத்தகம். எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனை குட்டி போட்டது. அதைப் பற்றிச் சொல் என்றேன். "பூனை குட்டி போட்டுச்சு. மூணு குட்டி. அப்பா அட்டப்பெட்டி வச்சாரு. ஒரு குட்டி மட்டும் உள்ள போக மாட்டேன்னுச்சு." ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எழுதினேன், பக்கத்துக்கு ஒரு வரி. மேலே அவள் படம் வரைந்தாள். நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, அட்டையில் அவள் பெயரும் போட்டோம். அதுவரை எந்தப் புத்தகத்தையும் தடுக்காமல் படிக்காதவள் அதைக் கடைசி வரை படித்தாள். அவள் வாயிலிருந்து வந்த சொற்கள்தானே, அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஒவ்வொரு வரிக்குக் கீழும் நீல மையில் புத்தகத் தமிழில் எழுதினேன்: 'பூனை குட்டி போட்டது.' 'அப்பா அட்டைப்பெட்டி வைத்தார்.' மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் படித்தாள். "அப்ப 'போட்டுச்சு'தான் 'போட்டது'வா?" என்று அவளே கேட்டாள். கதைப் புத்தகங்களில் 'வைத்தார்', 'சொன்னது' வந்தால் அதற்குப் பிறகு அவள் நிற்பதில்லை.

பேச்சுத் தமிழில் எழுதினால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்காமல் வேறு எங்கிருந்து தொடங்குவது?

இன்னொன்று, வாட்ஸப் குரல் பதிவு. திரையே பார்க்க வேண்டாம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். அவளுடைய அப்பத்தா நத்தம் பக்கத்தில் ஊரில் இருக்கிறார். சின்ன வயதில் மாந்தோப்புக் காவலுக்குப் போன கதையை ஒவ்வொரு துண்டாகப் பேசி அனுப்புவார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்போம். கேட்டு முடித்ததும் தோப்பை வரைவாள். பதிலுக்கு அவள் பூனைப் புத்தகத்தைப் படித்து அனுப்புவாள். "திரும்ப ஒருக்கா படிச்சு அனுப்பு தாயி, சரியாக் கேக்கல" என்று அப்பத்தா சொன்னால் முகம் சுளிக்காமல் மறுபடி படிக்கிறாள். நான் கேட்டால் படிக்க மாட்டாள்.

வீடியோ பார்க்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் உள்ள வயதுக்கும் நான் அந்த அளவைத் தாண்ட விடுவதில்லை. அந்த நேரத்துக்குப் புக்பாக்ஸ் என்ற நிறுவனத்தின் கதை வீடியோக்கள் நல்ல தேர்வு. பிரிஜ் கோத்தாரி தொடங்கியது. பாட்டும் பேச்சும் எந்த மொழியில் கேட்கிறதோ அதே மொழியிலேயே கீழே வரியும் ஓடினால் படிக்கும் பழக்கம் வரும் என்று பல வருடங்களாக உழைத்து வருபவர் அவர். அவர்களுடைய தமிழ்க் கதைகளில் குரல் சொல்லச் சொல்ல அந்தந்தச் சொல் நிறம் மாறும். முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். யூட்யூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் கதை முடிந்த கையோடு பொம்மை விளம்பரத்துக்குப் போய்விடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலைக் கல்வி என்று ஒரு பகுதி இருக்கிறது, பாட்டுகளுக்கு அதையும் பாருங்கள். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு, பாடத்தில் ஏதாவது புரியாதபோது நீங்கள் பார்த்துக்கொள்ள உதவும். அதை விடுமுறையில் பிள்ளையிடம் நீட்டத் தேவையில்லை.

கணக்குக்கு நான் தனியாக ஒன்றும் செய்யவில்லை. சந்தைக் கதை படித்த அன்று கத்தரிக்காய் கிலோ என்ன, கால் கிலோ என்ன என்று அவளே விலைப்பட்டியல் எழுதிக்கொண்டு காய்கறிக் கடைக்கு வருவாள். அதுவே அந்த வயதுக்குப் போதும்.

ஊர் நூலகத்தை மறந்துவிடாதீர்கள். மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் கட்டணம் மிகக் குறைவு. சென்னையில் இருந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் இருந்தால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. புத்தகத்தை நாம் எடுத்துக் கொடுக்காமல் அவனையே எடுக்க விடுங்கள். அட்டையில் லாரி இருக்கிறது என்று எடுத்தாலும் சரி.

கடைசியாக ஆங்கிலம். தொடங்கலாம், ஆனால் காது வழியாக மட்டும். ஸ்டோரிவீவரில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். தமிழில் கதை நன்றாகப் பழகிய பிறகு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுங்கள். வரிக்கு வரி பொருள் சொல்ல வேண்டாம், கதை தெரியும் என்பதால் படத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வான். அவனாக ஆங்கிலம் படிப்பதை, தமிழில் நிலை 1 கதையை உங்கள் உதவியில்லாமல் முடிக்கும் வரை தள்ளிப்போடுங்கள். இரண்டு மொழியையும் ஒரே நேரத்தில் கூட்டச் சொன்னால் இரண்டிலும் திணறுவான். விடுமுறை முடிவதற்குள் அந்த நிலை வராவிட்டால் பரவாயில்லை, பள்ளி திறந்த பிறகும் இரவில் ஒரு கதை என்று தொடரலாம்.