சைக்கிள் பயணத்துக்கு எந்தப் பை சரி?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு இரண்டு நாள் பயணம், முதுகுப்பை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாங்க. மேடேறும்போது முதுகு நனைந்து தோள்பட்டை இழுக்கும். பாரம் தாழ இருந்தால்தான் வண்டி ஆடாது. பின் கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் வாங்குங்கள். பக்கத்துக்கு 15 முதல் 20 லிட்டர் தாராளம். எடையைச் சமமாகப் பிரித்து வையுங்கள்.

வாங்குமுன் பையை மாட்டி, பெடலைச் சுற்றிப் பாருங்கள். குதிகால் இடித்தால் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டணும். கீழேயும் கொக்கி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அது இல்லாத என் பழைய பை இறக்கத்தில் துள்ளி, அதன் வார் சக்கரக் கம்பியில் உரசியது. விழாமல் தப்பியதே பெரிய விஷயம்.

ஜூன், ஜூலை என்றால் கணவாய் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ளும். வாயைச் சுருட்டி மூடும் பைதான் தாங்கும். ஜிப் வழியே தண்ணீர் இறங்கிவிடும். ஹேண்டில்பார் பையில் போன், பணம், கடலைமிட்டாய் மட்டும் போதும்.