வயதைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள்

மாமனாருக்கு 76 வயது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார். உண்மையா?
– வாசகி, ராயப்பேட்டை

இல்லை அம்மா. நீங்கள் அனுப்பிய பட்டியலில் பிரஷர் மாத்திரை இரண்டு இருக்கிறது. போன மாதம் புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் சேர்ந்திருக்கிறது. என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். சிறுநீர் போகும் வழியைத் தளர்த்துகிற அந்த மருந்து, ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கி, தலை கிறுகிறுக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் எடுங்கள். நின்ற 1வது நிமிடமும் 3வது நிமிடமும் மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கட்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போங்கள். கிளினிக்கில் உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாமலே போய்விடும். அதுவரை, கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அப்புறம் எழட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அம்மா நான்கு வருடமாகத் தினமும் அல்பிரசோலம் போட்டுத்தான் தூங்குகிறார். விழுந்துவிடுவாரோ என்று பயம். இன்றே நிறுத்திவிடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பயம் நியாயமானது. ஆனால் இன்றே நிறுத்துவது ஆபத்து. தூக்கம் அடியோடு போய்விடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று: சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில், தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் என்ற மருந்து இருக்கும். அதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் நடை தள்ளாடும்.

ஏகாதசிக்கு அப்பா எதுவும் சாப்பிடுவதில்லை. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் வழக்கம்போலப் போடுகிறார்.
– வாசகி, மாம்பலம்

கண்டிப்பாகக் கூடாது. சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை போட்டால் சர்க்கரை மிகவும் இறங்கி, மயங்கி விழலாம். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கை நடுங்கி வியர்த்தால் விரதம் பார்க்காமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

பாட்டி வழுக்கி விழுந்து தலையில் அடி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார்…
– வாசகர், தாம்பரம்

படித்தவுடனே கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. வெளியே காயமே இல்லாவிட்டாலும் மண்டைக்குள் மெதுவாகக் கசியலாம். ஸ்கேன் அவசியம். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.